சுவரைச் சுவைத்தவள்

அவன் நீட்டிய சுவர்த்துண்டை வாங்கி, ஜொய்சி நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தாள்.

கஜீபன் அதைத் தடுக்கக் கையை நீட்டினான். நிறம் பொருத்துவதற்காக வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்து, பத்திரிகைத் தாளில் மடித்து, பருத்தித்துறையிலிருந்து நெல்லியடி வரை சட்டைப் பையில் பத்திரமாகக் கொண்டுவந்த துண்டு அது.

"மிஸ்... அது தின்னுற சாமான் இல்லை."

"தெரியும்." அவள் உதட்டில் சிரிப்பு இல்லை. கண்களில் இருந்ததோ... "வீடு கடற்கரையிலையோ?"

"ஓம். கடலுக்கும் வாசலுக்கும் இடையிலை ஒரு றோட்டுத்தான்."

"சுவர் பூசேக்கை கடல்மணல் கலந்திருக்கினம். நல்ல உப்பு."

"அதை ருசி பாத்துத்தான் சொல்லவேணுமோ?"

"கண்ணாலை பாத்தா எல்லா வெள்ளையும் ஒண்டுதான்."

நெல்லியடியின் அந்தப் பெயின்ற் கடையில், நிறம் கலக்கும் இயந்திரத்தின் அருகே, ஜொய்சி ஐந்து ஆண்டுகளாக நிற்கிறாள். ஆண்கள் எவர் வந்தாலும் 'அண்ணை' என்று அழைப்பதே அவளது வழக்கம். இவனிடம் அந்தச் சொல் ஏனோ நாவுக்கு வரவில்லை. வெயிலில் கறுத்த முகம்... தொலைவையே பார்த்துப் பழகிய கண்கள்... அவை இப்போது மூன்றடி தூரத்தில் நின்று தன்னைப் பார்ப்பதை உணர்ந்து, அவள் நிற அட்டையைக் குனிந்து பார்த்தாள். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"உள்ளதுக்குள்ளை விலை கூடினது எது? கழுவக்கூடியதாய், மினுங்கலாய். அதிலை மூண்டு வாளி தாங்கோ. அடுத்த கிழமை வியாழக்கிழமை எங்கடை தங்கச்சியைப் பாக்க மாப்பிள்ளை வீட்டார் வருகினம்." வாளிகளை வீட்டில் இறக்குவதற்கான துண்டுச்சீட்டில் பெயரையும் விலாசத்தையும் அவன் எழுதியும் முடித்துவிட்டான். நடுவில் ஒன்பது நாட்கள் இருந்தன.

"உந்தப் பெயின்றைத் தரமாட்டன்."

"ஏன், முடிஞ்சுதோ?"

"இருக்கு. உங்கடை சுவருக்குத் தரமாட்டன். உந்தப் பெயின்ற் சுவரை இறுக்கி மூடிப்போடும். உள்ளுக்கை இருக்கிற ஈரமும் உப்பும் வெளியிலை வர வழியில்லாமல் கொப்பளிக்கும். காசு வீண். உங்கடை வீட்டுக்குச் சுண்ணாம்பு காணும்."

உங்கள் வீட்டுக்கு அதுவே போதும் என்ற அந்தக் கடைசி வாக்கியம் வாயைக் கடந்த பிறகுதான் அதன் ஒலி அவளுக்கே கேட்டது.

கஜீபனின் முகத்திலிருந்த விளையாட்டு அணைந்தது.

"போன வருசம் தங்கச்சியைப் பாக்க வந்த பகுதியும் இப்பிடித்தான் சொன்னவை. பழைய சுவரையும் முற்றத்திலை கிடந்த வலையையும் பாத்தினம். 'கடல் தொழில் செய்யிற வீட்டுக்கு இது காணும்' எண்டிட்டு எழும்பிப் போயிட்டினம். அவையும் உங்களை மாதிரிப் படிச்ச ஆக்கள்தான், மிஸ்."

சுவர்த்துண்டை மீண்டும் தாளில் மடித்தான். படியிறங்கினான். அப்போதுதான் பெய்யத் தொடங்கிய மழை, அவன் தோளில் புள்ளி புள்ளியாக விழுந்தது... அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சொன்னது சரி. சொன்ன விதம் பிழை. ஒன்றிற்காக மற்றொன்றை மன்னிக்க முடியுமா என்று ஜொய்சி நான்கு நாட்கள் யோசித்தாள். பருத்தித்துறைப் பேருந்து வந்து நிற்கும்போதெல்லாம் அவளது தலை தானாக நிமிர்ந்தது. நிமிர்ந்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள். இளம்பச்சை கேட்டவருக்கு நீலம் கலந்து கொடுத்தாள். ஐந்து ஆண்டுகளில் அது முதல் தவறு. வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வேறொரு கடையில் அவன் கட்டாயம் வாங்கியிருப்பான்; அந்த மினுங்கல் பெயின்ற் இந்நேரம் அந்தச் சுவரில் எப்படிக் கொப்பளித்துக்கொண்டிருக்கும் என்பது, பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. தான் சொன்னதே நடக்கும் என்பதில் இவ்வளவு துயரம் இருக்கும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், முழுப் பொய்யென்று சொல்ல முடியாத ஒரு காரணத்தைத் தாய் நேசம்மாவிடம் கூறினாள். ஒரு பை சுண்ணாம்பு, இரண்டு தூரிகைகள், கடையில் அவன் விட்டுச்சென்ற விலாசத் துண்டு... இவற்றோடு பேருந்தில் ஏறினாள்.

கதவைத் திறந்தவள் அவனது தங்கை வித்தியா. சுண்ணாம்புப் பையைப் பார்த்தாள். பின்பு முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள்தானே சுவரை நக்கின அக்கா?"

"...ஓம்."

"அண்ணை வந்ததிலையிருந்து உங்கடை கதைதான். முதல் ரெண்டு நாள் ஏச்சு. பிறகு சொன்னது ஏச்சோ என்னவோ எண்டு எனக்கு விளங்கேல்லை. உள்ளுக்கை வாங்கோ."

கூடத்துச் சுவர் முழங்கால் உயரத்திலிருந்து கொப்பளித்து, செதில் செதிலாக உரிந்து தொங்கியது. முக்காலி ஒன்றின்மேல் நின்று கஜீபன் அதைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தான். தலைமயிரெல்லாம் பெயின்ற் தூள்.

"சொல்லிக் காட்ட வந்தனீங்களோ?"

"இல்லை. அண்டைக்கு ஒண்டைச் சொல்லாமல் விட்டிட்டன்." அவள் பையைக் கீழே வைத்தாள். "எங்கடை வீட்டிலையும் சுண்ணாம்புதான். அப்பா இருக்கேக்கை ஆசைப்பட்டு விலை கூடின பெயின்ற் அடிச்சவர். ஆறு மாசத்திலை உரிஞ்சு விழுந்தது. அந்த இடத்தை மறைக்க முதலிலை ஒரு அலுமாரி நிப்பாட்டினம். பிறகு ரெண்டு. கடைசியிலை எல்லாத்தையும் சுரண்டிப்போட்டுச் சுண்ணாம்பு அடிச்சம். எங்கடை வீட்டுக்கு எது காணுமோ, அதைத்தான் உங்களுக்குச் சொன்னனான்."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் நிண்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

வித்தியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீர் வைக்கக் குசினிக்குள் போனாள். கஜீபன் தகட்டை இடுப்பில் செருகினான். பிறகு முக்காலியிலிருந்து இறங்கினான்.

"இப்ப என்ன செய்யவேணும்?"

சுரண்டினார்கள். பூத்திருந்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளினார்கள். அன்று மாலை முதற்பூச்சு.

"இதென்ன, சுவருக்குத் தண்ணியோ வாக்கிறம்? ஒண்டும் தெரியேல்லை."

"காயட்டும். காய்ஞ்சாத்தான் வெளுக்கும். வள்ளத்துக்குத் தார் பூசுற மாதிரித் தடிப்பாய் அப்பாதேங்கோ. மெல்லிசாய், மூண்டு தரம்."

"எவ்வளவு காலம் நிக்கும்?"

"வருசத்துக்கு ஒருக்கா அடிக்கவேணும். ஆனா அந்த மூண்டு வாளியின்ரை காசுக்குப் பத்து வருசம் அடிக்கலாம்."

"சரி, மிஸ்."

"மிஸ் எண்டு கூப்பிட நான் ஒண்டும் படிப்பிக்கேல்லை. எனக்குப் பெயர் இருக்கு."

"ஜொய்சி..." என்றான் அவன், மெதுவாக, முதன்முறையாக. அவளது தூரிகை சுவரைவிட்டு விலகி யன்னல் கம்பியில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தது. இருவரும் அதைக் காணாததுபோல் இருந்தனர்.

செவ்வாய் மாலை இரண்டாம் பூச்சு. புதன் பிற்பகல், அவள் அரைநாள் விடுப்பில் வந்து, மஞ்சள் காவி சிறிது கலந்து மூன்றாவது. சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய்வந்த அவனது தாய், தேநீர் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பார்த்துச் சென்றாள். சுவர் இளம் பாலாடை நிறத்தில் வெளுத்து வர வர, ஜொய்சிக்கு உள்ளே ஏதோ இருப்புக்கொள்ளவில்லை. நான்காவது பூச்சு தேவையில்லை என்பதை அவளைவிட நன்கறிந்தவர் அந்த ஊரில் இல்லை. ஆயினும்... நாளை முதல் இந்தப் பேருந்தில் ஏற அவளுக்கு என்ன காரணம் இருக்கும்?

கிணற்றடியில் கை கழுவினாள். சுண்ணாம்பு விரல்களை அரித்திருந்தது. கஜீபன் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, அவளது உள்ளங்கையில் சரித்தான். தெருவுக்கு அப்பால் கடல் கறுத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நீங்களும் நிக்கவேணும்."

"நிண்டா, என்னை ஆரெண்டு சொல்லுவியள்? பெயின்ற் கடைப் பிள்ளை எண்டோ?"

"அதைத்தான் ஞாயிற்றுக்கிழமையிலையிருந்து யோசிக்கிறன். அப்பிடியும் சொல்லலாம். தங்கச்சியின்ரை சிநேகிதி எண்டும் சொல்லலாம். ரெண்டும் பொய்யில்லை... ஆனா எனக்கு வாய் வராது." போத்தலை மூடினான், மூடியைத் திரும்பவும் திறந்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ஜொய்சி. அண்டைக்குக் கோவிச்சுக்கொண்டு பஸ் ஏறினனான். நெல்லியடி தாண்ட முதலே தெரிஞ்சிட்டுது. அதாலைதான் கோவம் இன்னும் கூடினது."

மழையின் முதல் துளிகள் கிணற்றுக் கட்டில் விழுந்தன. இருவரும் நகரவில்லை.

"எங்கடை அம்மாவுக்குச் சேர்ச்சுத்தான் எல்லாம்," என்றாள் அவள்.

"எங்கடை அம்மாவுக்குச் சந்நிதிதான் எல்லாம். அவை ரெண்டு பேரும் பிறகு கதைக்கட்டும். நான் இப்ப கேக்கிறது உங்களை."

அவள் ஈரம் படிந்த இமைகளை உயர்த்தி அவனை நேராகப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வீட்டாரிட்டை ஒண்டும் சொல்லாதேங்கோ. நாளைய நாள் வித்தியாவின்ரை."

அவன் தலை தாழ்ந்தது.

"உங்கடை அம்மாவிட்டைச் சொல்லுங்கோ. எங்கடை அம்மாவிட்டை நான் இண்டைக்கே சொல்லுறன்."

"என்னெண்டு சொல்ல?"

"நீங்கள் கேட்டனீங்கள் எண்டும்..." ஜொய்சியின் குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "நான் ஓம் எண்டனான் எண்டும்."