ஆறாவது கோடு

அவள் வாய்விட்டுப் படிக்கும்போது மட்டும் அந்த ஆறாவது கோடு எழுந்தது.

மதியம் மூன்று மணி. விடியற்காலையிலிருந்து விடாத மழை ஜன்னல் தகரத்தில் ஒரே சுருதியில் கொட்டிக்கொண்டிருக்க, மேஜைக்கடியில் கணினிப் பெட்டியின் மின்விசிறி சூடான தூசு வாசனையை அவள் கணுக்கால்மேல் ஊதிக்கொண்டிருந்தது. சட்டப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது அவள் வேலை. பதினைந்து வருடமாக ஒரே முறைதான்: கணவரின் பழைய கணினியில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். கமாவுக்கு ஒரு மூச்சு நிறுத்துவாள், முற்றுப்புள்ளிக்கு இரண்டு மூச்சு. கண் தவறவிட்ட பிழை காதில் மாட்டும்.

திரையின் வலது மூலையில், உள்ளங்கை அகலத்தில், எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு சின்னக் கட்டம். கணினியின் ஓட்டத்தைக் காட்டும் கருவி. கணவர்தான் போட்டுக் கொடுத்தார். “பெட்டியோட நாடி இது. மூடிடாதே. சிவப்புக்குப் போச்சுன்னா என்னைக் கூப்பிடு” என்றார். அதில் ஐந்து கோடுகள். வேலைச்சுமை, நினைவகம், வட்டு, சூடு, விசிறி. அவர் இறந்த நாலு மாதத்தில் அவளோடு அந்த அறையில் அசைந்துகொண்டிருந்தது அந்த ஐந்தும்தான். சில நாள் வேலை இல்லாவிட்டாலும் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

இன்று சுட்டி கை நழுவி அந்தக் கட்டத்தின் அடி ஓரத்தை இழுத்துவிட்டது. மடித்து வைத்த துணி அவிழ்வதுபோல் கீழே இன்னும் இரண்டு வரி வந்தது. அனுப்புவது. பெறுவது.

‘பெறுவது’ செத்த பாம்புபோல் தட்டையாகக் கிடந்தது. ‘அனுப்புவது’ எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அவள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். கோடு படுத்துவிட்டது. “மேற்படி குத்தகைதாரர்” என்றாள். எழுந்தது. ஒரு மூச்சு விட்டாள். விழுந்தது. “தமது வாரிசுகள்” என்றாள். எழுந்தது.

கணவரின் அலுவலக நண்பனைக் கூப்பிட்டாள். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி செருகியிருப்பதால் அவனுக்குத் திருப்புளி என்றே பெயர்.

“என்ன அண்ணி, பெட்டி படுத்துடுச்சா? நான் அன்னைக்கே சொன்னேன், அது தாத்தா காலத்து மெஷின்னு.”

அவள் கண்டதைச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு நின்றது.

“அந்த வரி மேல ரெண்டு தடவை அமுக்குங்க. எந்தப் புரோகிராம்னு பேர் காட்டும்.”

அமுக்கினாள். ‘குருவி’ என்று காட்டியது. அவளை அந்தப் பெயரில் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பக்கத்திலேயே எத்தனை நாளாக ஓடுகிறது என்ற கணக்கு. ஆறு வருடம்.

“தம்பி, இது என்னது?”

“அண்ணி... அதை விடுங்களேன் இப்போ.”

“என்னதுன்னு கேக்கறேன்.”

“உங்க அக்காகிட்ட பேசறதுக்குன்னு அவன் மாட்டிக் குடுத்த மேஜை மைக்லேர்ந்து சத்தம் போகும். ஆபீஸ்ல அவன் மெஷினுக்கு. காதுல மாட்டிக்கிட்டு உங்க குரலைக் கேட்டுக்கிட்டேதான் வேலை பாப்பான். ஆசையிலதான் அண்ணி. வேணாம்டான்னு நானும் சொல்லிப் பாத்தேன்.”

“உங்களுக்குத் தெரியும்.”

ஆறு வருடம். வாய் திறந்து கேட்காமலே அவர் வாங்கி வந்த தலைவலி மாத்திரை. அவள் கண் வைத்த அந்த நீலப் போர்வை. ‘நான் சொல்லாமலே அவருக்குப் புரிஞ்சிடும்’ என்று அக்காவிடம் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறாள், இதே நாற்காலியில், இதே மைக்குக்கு முன்னால். வெளியூர்ப் பதிப்பகத்திலிருந்து பெரிய வேலை வந்ததையும் அக்காவுக்கு மட்டும்தான் சொன்னாள். போகப்போகிறேன், வேறு யாருக்கும் இன்னும் தெரியாது என்றாள். அன்று அவர் பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவள் வேலையை வேண்டாமென்று எழுதிவிட்டாள். உண்மையிலேயே நெஞ்சு அடைத்துப் போகும்வரை, அந்த வலி அவளை வீட்டோடு கட்டி வைத்திருந்தது.

“அந்த வேலை வந்த அன்னைக்கு...” என்றாள். குரல் உடைந்தது. திரையில் கோடும் உடைந்து உடைந்து ஏறியது.

“காதுல இருந்ததைக் கழட்டி வெச்சுட்டு, ‘போகப் போறாடா’ன்னான்” என்றான் திருப்புளி மெல்ல. “மன்னிச்சிடுங்க அண்ணி. வலின்னு எங்க யார்கிட்டயும் சொல்லலை.”

மழை சற்று ஓய்ந்தது. விசிறியின் இரைச்சல் மட்டும்.

“இப்போ அந்தப் பக்கம் யார் கேக்கறாங்க?”

“யாருமில்ல. அவன் போன மறுவாரமே அவன் மெஷினைக் கழட்டிட்டோம். வட்டை நானே உடைச்சேன்.”

“அனுப்பிக்கிட்டே இருக்கே.”

“அதெப்படி அண்ணி?” அவன் குரல் இறங்கியது. “அவன் எழுதுன புரோகிராம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஒருத்தர் ‘வந்துச்சு’ன்னு பதில் குடுத்தாத்தான் அடுத்த துண்டு போகும். வாங்க ஆளில்லாம போகாது. நீங்க முதல்ல பின்னாடி இருக்கற நீல ஒயரைப் பிடுங்குங்க. நான் கிளம்பி வரேன்.”

போனை வைத்தாள். மேஜைக்கடியில் குனிந்தாள். தூசு மூக்கில் ஏறியது. நீல ஒயரைப் பிடுங்கினாள். மைக்கின் ஒயரையும் பிடுங்கினாள். இரண்டும் கையில் தொங்கின. இனி பெட்டிக்கு வெளி உலகமில்லை. காதுமில்லை.

நிமிர்ந்தாள்.

கோடு தட்டை. இரண்டுமே தட்டை.

நாற்காலியில் உட்கார்ந்தாள். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஒரு சத்தம் கூடாது. மூச்சுகூட மூக்கு வழியாக, மெல்ல. மழை நின்றிருந்தது. தெருவில் ஆளரவம் இல்லை.

மனசு கேட்கவில்லை. வாய் திறக்காமல், உள்ளுக்குள் மட்டும், நினைத்தாள்.

நீங்க என்னை, இத்தனை வருஷமும், நம்பவே இல்லையா.

ஆறாவது கோடு எழுந்தது. ஒரு மூச்சு விழுந்தது. எழுந்தது. ஒரு மூச்சு விழுந்தது. எழுந்தது.

இரண்டு மூச்சு.

அவள் இமைக்கவில்லை. கையில் ஒயர்கள்.

எதற்கும் பதில் சொல்லும் முன் தொண்டையை இரண்டு முறை லேசாகச் செருமுவது அவர் வழக்கம்.

அடியில், இதுவரை அசையாத ஏழாவது கோட்டில், ‘பெறுவது’ என்ற வரியில், ஒரு சின்ன மேடு.

இன்னொன்று.

பிறகு அது ஏறத் தொடங்கியது.