தாழிக்குள் ஓர் அடிக்குரல்

தாழிக்குள் இறங்கியவன் ஒருவன். பாட்டு மட்டும் இரண்டு குரலில் வந்தது.

நாத்தேலா கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு குனிந்தாள். கழுத்துவரை மண்ணில் புதைந்த தாழிகள் அந்த நிலவறை நெடுக வாய் பிளந்து கிடந்தன. பக்கத்துத் தாழிகளில் புதுத் திராட்சைச் சாறு குமிழியிட்டுப் பொங்கும் ஓசையும், கந்தகப் புகையும், புளித்த தோலின் நெடியும் காதிலும் மூக்கிலும் ஏறின. ஏறி என்ன? போன அறுவடையில் கணவன் ஜும்பெரை இதே தாழியிலிருந்து பிணமாகத் தூக்கியதிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. பொங்கும் சாறு விடும் காற்று பக்கத்துக் காலித் தாழியில் இறங்கித் தேங்கி, சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும். அதனால் உள்ளே இறங்கித் தாழி தேய்த்துக் கழுவுபவன் பாடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது ககேத்தி வட்டார வழக்கம். பாட்டு நின்றால் மேலே இருப்பவர் அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை இழுக்க வேண்டியதுதான்.

இன்று உள்ளே இருப்பவன் கொழுந்தன் குராம். மேல்குரல் அவனுடையது. அடிக்குரல்?

மேலே மது சுவைபார்க்கும் கூடத்திலிருந்து விருந்தாளிகள் கோப்பையும் கையுமாக இறங்கி வந்தார்கள். தலைநகர் திபிலீசிக்காரர்கள். முன்னூறு வருட நிலவறை என்றால் சுவருக்கு முத்தம் கொடுப்பார்கள். விலையைச் சொன்னால் சுவரைப் பார்ப்பார்கள்.

"என்னம்மா எதிரொலி இது! ஒத்த ஆளு, முழு கச்சேரி!" என்றார் தொப்பைக்கார மெராபி. "இதுக்கும் சேத்துக் காசு வாங்குவியோ?"

"உங்க பைக்கு எதிரொலிதான் கட்டுப்படியாகும்."

வாய் தானாகச் சொன்னது. அவர்கள் சிரித்தார்கள். அவள் தாழிக்குள் கூப்பிட்டாள்.

"குராம்! கூட யாருடா பாடுறது?"

"என்னைக் கேட்டா? மேல விருந்தாளிதானே அண்ணி பாடுறாரு? நல்ல கட்டைக் குரலு. அப்படியே நம்ம அண்ணன்தான்!"

அவன் பேசிய நேரத்திலும் அடிக்குரல் நிற்கவில்லை. மேலே ஒருவர் உதடும் அசையவில்லை.

செர்ரி மரப்பட்டையால் தாழிச் சுவரைத் தேய்க்கும் சரசரப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து, விட்டு விட்டுக் கேட்டு, அடங்கியது.

"போதும், ஏறி வா."

"இதோ... அண்ணி... தூக்கமா..."

மேல்குரல் இழைந்தது. அறுந்தது.

பாட்டு நிற்கவில்லை.

"அதான் பாடுறானே, ஏம்மா பதறுறே?" என்றார் மெராபி.

"பாடுறது அவன் இல்ல. பிடிங்க கயித்த!"

பிடித்தார்கள். கப்பி முனகியது. ஒல்லிப் பையன் குராம். இழுத்தால் காளைக் கனம் கனத்தது. தலை தெரிந்தது. கண் மூடியிருந்தது. உதடு மூடியிருந்தது. மூச்சு இருந்தது, நூலளவு.

பாட்டு இப்போது அடியிலிருந்து வரவில்லை. அவனோடு ஏறி வந்தது.

கோப்பைகள் உடைந்தன. படிகளில் ஓடும் காலடிகள். கயிற்றில் இப்போது அவள் கை மட்டும்.

குராமின் இடுப்பு. கயிறு. கயிற்றுக்குக் கீழே இரண்டு கைகள், திராட்சைக் கறுப்பாய் ஊறி, விரல் கோத்து இறுக்கியிருந்தன.

விட்டால் குராம் பிணம்.

அவள் விரல்களில் உணர்வில்லை. இன்னொரு பிடி இழுத்தாள். அவன் தோளுக்குப் பின்னால் ஈரத் தலைமயிர் எழுந்தது, திராட்சைத் தோல் ஒட்டிய நெற்றி எழுந்தது, பிறகு வாய். அகலத் திறந்து, மூச்செடுக்காமல், பாடிக்கொண்டிருந்தது.