அறுபது நாள் கும்பிடு

"இன்னும் கொஞ்சம் நிமிருங்க," என்றார் மருத்துவர் பொன்னரசி.

"இவ்வளவுதானுங்க முடியுது," என்றார் குழந்தைவேலு, தரையைப் பார்த்தபடி.

உடைந்த எலும்புக்கு இரும்புத் தகடு வைத்த காலம் மலையேறிவிட்டது. லாரி மோதி நொறுங்கிய குழந்தைவேலுவின் முதுகில் இருப்பது கரிம இழையால் நெய்த தாங்கி. அதன்மேல் மயிரிழைக் கனத்துக்கு உயிர்ப்பீங்கான் பூச்சு. எலும்பு அதைத் தன் இனம் என்று நம்பி, அதன்மேலேயே வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். உடம்பின் பாரம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கெட்டிப்படும். "அறுபது நாளைக்கு நிமிர்ந்தே இருங்க" என்று பொன்னரசி படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

சொன்ன நேரம் சரியில்லை. அது கட்சி மேயர் வேட்பாளரைத் தேடிய நேரம். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை குழந்தைவேலு தலைவர் வீட்டு வாசலில் நின்றார். கார் வந்தாலும் கும்பிடு, போனாலும் கும்பிடு. காருக்குள் தலைவர் இல்லாவிட்டாலும் கும்பிடுதான், யார் கண்டது!

"எம்பொண்ணு மூஞ்சியப் பாத்துப் பதினஞ்சு நாளாச்சுங்க டாக்டர். அவ பேசறப்ப அவ செருப்பத்தான் பாக்கறேன்."

"ஒரு வாரத்துக்குள்ள வெட்டிச் சரிபண்ணிரலாம். அதுக்கு மேல போனா எலும்பும் இழையும் ஒண்ணாயிரும். யாராலயும் பிரிக்க முடியாது."

"நாளைக்கே பண்ணிருங்க!"

அப்போது கைபேசி அடித்தது. தலைவர். பழக்கதோஷத்தில் குனியப் பார்த்தார். ஏற்கெனவே குனிந்துதான் இருந்தார்.

"வேலு, நீதான்யா மேயர் வேட்பாளர். உன்னால இனிமே நிமிரவே முடியாதாமே? அந்தப் பூச்சப் பத்திக் காலையில கூட்டத்துலயே பெருமையாச் சொன்னேன். இப்படியே இரு. நிமிர்ந்தீன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

"சரிங்க தலைவரே."

குழந்தைவேலு கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். தன் கண்ணீர் தரையில் விழுந்ததை மட்டும் அவரால் நன்றாகப் பார்க்க முடிந்தது.

"ஆபரேஷன் வேண்டாமுங்க."

"உங்க பொண்ணு?"

"அவளக் கொஞ்சம் குனியச் சொல்லிக்கறனுங்க."

அவரை அனுப்பிவிட்டுப் பொன்னரசி வெளியே எட்டிப் பார்த்தார். வராந்தா முழுக்கக் கரைவேட்டிகள்.

"உங்களுக்கு எங்க அடிபட்டுச்சு?" என்று முதலில் நின்றவரைக் கேட்டார்.

"அடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி. "பூச்சு மட்டும் போட்டுவிடுங்க."