கடைசியாகத் தெரிந்த இடம்

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்ததும் கல்யாணசுந்தரியின் கண்ணில் உறுத்தியது ஒரே ஒரு சொல். 417-ஆம் வரிசையில், 'கடைசியாகத் தெரிந்த இடம்' என்ற கட்டத்தில், வெள்ளிக்கிழமை அவள் தன் கையாலேயே 'கடல்' என்று தட்டிவிட்டுப் போயிருந்தாள். இப்போது அங்கே 'காரைக்கால்மேடு' என்று, கடலோர மீனவக் கிராமத்தின் பெயர் இருந்தது.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. அந்த இணையதளம் கதவில்லாத வீடு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம், தெரிந்ததைச் சேர்க்கலாம். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால், பிரெஞ்சுக்காரன் காலத்தில், காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்டத் தீவுகளுக்குக் கப்பலேற்றிய கூலிகளின் பதிவேடுகள் ஒரு பழைய கப்பல் ஏஜென்சியின் பரணில் கிடைத்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மாதா கோயில் வீதியில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ஸ்கேனரும் கணினியும் வாங்கிப் போட்டு, காலேஜில் பிரெஞ்சு படித்த கல்யாணசுந்தரியை அதற்கு முன்னால் உட்காரவைத்தது. 2008-இல் அந்த ஊரில் அவள் படித்த படிப்புக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கித் தளத்தில் ஏற்றுவாள். படத்தின் கீழே ஆளுக்கொரு வரிசையாக விவரம் எழுதுவாள். பெயர், ஊர், வயது, உயரம், உடம்பிலுள்ள அடையாளம், கூட்டிவந்த மேஸ்திரி. கடைசிக் கட்டத்தை மட்டும் ரீயூனியனிலும் குவாதலூப்பிலும் இருக்கிற பேரப்பிள்ளைகள் நிரப்புவார்கள். இன்ன தோட்டம், இன்ன கல்லறை என்று அவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட நாட்களும் உண்டு.

417-க்கு மட்டும் அப்படி எழுத யாருமில்லை. பதிவேட்டின் கடைசி வரிசை அது. அதன் கீழே குமாஸ்தா கோடு போட்டுக் கணக்கை முடித்திருந்தான். அஞ்சலை. குரும்பகரம். வயது ஒன்பது. உயரம் ஒரு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். மோவாயில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள். விருப்பப்பட்டுத்தான் வருகிறாயா என்று அதிகாரி கேட்டதற்கு, கப்பல் பார்க்க வந்ததாகச் சொன்னாள் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அதற்கும் கீழே, வேறு மையில், பதினோராம் நாள் பிணம் கடலில் இறக்கப்பட்டது என்று இன்னொரு குறிப்பு.

மேஸ்திரி என்ற இடத்தில் சுப்ராயன் என்று கையெழுத்து இருந்தது. சு-வின் வாலை இழுத்துச் சுழித்த அந்தக் கையெழுத்தை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். அதே கையெழுத்து அவள் வீட்டுப் பழைய பத்திரத்தில் இருக்கிறது. அப்பாவின் கொள்ளுத்தாத்தா. கப்பல் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். அந்த உத்தியோகம் இப்படி ஆள் பிடிப்பதுதான் போலிருக்கிறது.

குழம்புக்குப் புளி கரைத்தால்கூட அளவைச் சீட்டில் எழுதிவைக்கிற ஆள் கல்யாணசுந்தரி. ஆறு மாதத்தில் ஒரு புள்ளி மாற்றி எழுதியவளில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும், மேஸ்திரி என்ற கட்டத்தில் 'யாருமில்லை' என்று எழுதினாள். படத்தில் இருக்கிற கிறுக்கலை எவன் உட்கார்ந்து படிக்கப்போகிறான்? அவள் மகள் பாரதிப்ரியாவுக்கும் ஒன்பது வயது. நாளைக்கு அந்தப் பெண் தன் பரம்பரையைத் தேடினால் இதுவா கண்ணில் பட வேண்டும்?

கீழே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற சேக் பரீதுதான் மாடிக் கணினிக்கும் வைத்தியர். ஐம்பது வயசுக்காரர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். திருத்தியவர் பெயர் சொல்லாவிட்டாலும் அவர் கணினியின் எண் விழுந்திருக்கும் என்று சொல்லிப் பரீது திருத்தப் பட்டியலைத் திறந்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இது நம்ம நம்பர்மா. இந்த மெசின்லேருந்துதான் மாத்திருக்கு. நேத்து மத்தியானம் மூணு மணிக்கு."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அறை பூட்டிக் கிடந்தது. சாவி அவள் கைப்பையில் இருந்தது. கணினிக் கடிகாரம் தப்பாக ஓடியிருக்கும் என்று பரீது அண்ணன் சொன்னார், அவளும் சரியென்று தலையாட்டினாள். 'கடல்' என்று திரும்பவும் எழுதிச் சேமித்தாள்.

செவ்வாய்க்கிழமை 'கடற்கரைச் சாலை' என்று இருந்தது.

அன்று முழுக்க ஐப்பசி மழை ஓயாமல் நின்று பெய்தது. ஜன்னல் கதவுகள் ஊறி உப்பி, சாத்தினால் திறக்காமலும் திறந்தால் சாத்த வராமலும் படுத்தின. பழைய காகித வாடைக்கு நடுவே இன்னொரு வாடை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. மீன் வாடையில்லை, அது அவளுக்குப் பழக்கம். நாள்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறிய துணியை வெயிலே காட்டாமல் மூட்டையாகக் கட்டிவைத்தால் வருமே, அந்த வாடை. ஊதுபத்தி கொளுத்தினாள். ஊதுபத்தி வாசனை தனியாகவும் அது தனியாகவும் நின்றன.

புதன்கிழமை 'மாதா கோயில் வீதி' என்று வந்தது. அந்த வரிசையையே அழித்தாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வரிசை இருந்தது. படத்தையே நீக்கினாள். படமும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்குள் எந்தெந்த நாட்டிலோ பிரதி எடுத்திருப்பார்கள், ஏற்றியது ஏற்றியதுதான், இனி உலகத்தில் யாராலும் இறக்க முடியாது என்று பரீது அண்ணன் கைவிரித்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். வெளியிட்ட ஆவணம் எதையும் நீக்குவதில்லை என்பது எங்கள் கொள்கை, உங்கள் அக்கறைக்கு நன்றி என்று மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. யாரிடம் போய் எதைச் சொல்லி அழுவது? புருஷன் அன்பழகனோ சர்க்கார் மாற்றலில் ஆந்திரா பக்கம் ஏனாமில் கிடக்கிறார். போனில் சொன்னபோது, நன்றாகத் தூங்கு என்றார்.

வியாழக்கிழமை 'மாடிப்படி' என்று இருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். மரப்படிகளில் ஈரம். சின்னச் சின்னப் பாதங்கள், ஐந்து விரலும் தெளிவாக, கீழேயிருந்து மேலே ஏறி வந்திருந்தன. இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை. கடைசித் தடம் அறையின் நிலைப்படிக்கு வெளியே, இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல, உள்ளே பார்த்து நின்றது. அவள் கண்ணெதிரே அந்த இரண்டு பாதங்களைச் சுற்றி ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. மேலேயிருந்து ஏதோ சொட்டுகிறது. மேலே ஒன்றுமில்லை.

அது உள்ளே வரவில்லை. நின்றுகொண்டே இருந்தது.

அதைத் தாண்டிக் கீழே போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே கிடந்தது. மூன்றரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு மங்கிமங்கி எரிந்தது. பயத்தை மீறி அவளுக்கு அந்தக் குழந்தைமேல் இரக்கமாகவும் தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது. கூட்டிக்கொண்டு போனவன் பெயரைத்தானே இது கேட்கிறது? அதைத்தானே நான் மறைத்தேன்?

'யாருமில்லை'யை அழித்தாள். சுப்ராயன் என்று எழுதினாள். சேமிக்கும்போது தளம் வழக்கமான கேள்வியைக் கேட்டது: இந்தத் தகவல் உங்களுக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவது இருந்தால் 'குடும்பச் செய்தி' என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பார்கள். கல்யாணசுந்தரிக்கு ஆதாரத்தைக் குறையாக எழுதிப் பழக்கமில்லை. 'இவர் என் அப்பாவின் கொள்ளுத்தாத்தா. இவர் கையெழுத்திட்ட பத்திரம் என் வீட்டில் உள்ளது. கதவு எண் 14, பிள்ளையார் கோயில் தெரு, தலத்தெரு, காரைக்கால்.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுச் சேமித்தாள்.

வாசலுக்கு வெளியே ஈரக்கால்கள் திரும்பின. தப், தப் என்று படி இறங்கின. வாடை வடிந்து, அறையில் பழைய காகித வாசனை மட்டும் மிஞ்சியது.

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். உண்மையைச் சொன்னதும் நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. மன்னித்துக்கொள் தாயே என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள்.

கடைசியாகத் தெரிந்த இடம்: தலத்தெரு.

மணி நாலே கால். நாலு மணிக்கு ஸ்கூல் வேன் பாரதிப்ரியாவை இறக்கிவிட்டுப் போகும். பக்கத்து வீட்டு ராஜத்திடம் சாவி வாங்கித் திறந்துகொண்டு பிள்ளை தனியாக இருப்பாள். செல்போனில் வீட்டுப் போன் எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்தினாள். நாலாவது தடவை மணி போனது.

"அம்மா, ஒரு பாப்பா வந்துருக்கும்மா. நனைஞ்சு போயி நின்னுச்சு. உள்ள வான்னு கூப்புட்டேன்."

"பாப்பா, நீ ராஜம் அத்தை வீட்டுக்கு ஓடு. இப்பவே ஓடு."

"உன்னத் தேடித்தான் வந்துச்சாம். என்னையக் கப்பல் பாக்க வாரியான்னு கேக்குதும்மா. போயிட்டு வரட்டா?"

லைன் கட்டாகிவிட்டது.

ஓடினாள். மழை முகத்தில் அறைந்தது. ஆட்டோ ஒன்றுகூட நிற்கவில்லை. ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றை உதறினாள். முழங்கால் தண்ணீர். கையில் செல்போன் அடித்தது. பரீது அண்ணன்.

"நீ பதறி ஓடுனியேன்னு மேல போயிப் பாத்தேம்மா. புதுசா ஒரு வரிசை விழுந்துருக்கு. 418. பாரதிப்ரியான்னு போட்டுருக்கு. ஊரு தலத்தெரு. வயசு ஒம்பது."

"உயரம்?"

"ஒரு மீட்டர் இருவத்திநாலு."

போன ஞாயிற்றுக்கிழமைதான் நிலைக்கதவில் நிறுத்தி, தலைக்கு மேல் பென்சில் கோடு போட்டு அளந்திருந்தாள். அந்த அளவை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அடையாளம் இடது மணிக்கட்டுல தோசைக்கல் சுட்ட தழும்பு. மேஸ்திரி..." அவர் நிறுத்தினார். "ஒம் பேரு போட்டுருக்கும்மா."

"கடைசி இடம் என்னண்ணே?"

"கடற்கரைச் சாலை. இரு. மாறுது. காரைக்கால்மேடு."

அவள் தன் தெருமுனையில் நின்றிருந்தாள். கடலுக்கு ஓடுவதா, வீட்டுக்கு ஓடுவதா? தெருவின் கோடியில் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கூடத்தில் ஸ்கூல் யூனிபார்மில், ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு, பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இருக்காண்ணே. வீட்டுலதான் இருக்கா." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே ஓடினாள்.

கூடமெல்லாம் தண்ணீர். அதே வாடை. சோற்றுப் பானை தரையில் இருந்தது. பிள்ளை தட்டில் அள்ளி அள்ளிப் போட்டுத் தின்றுகொண்டிருந்தாள். யூனிபார்ம் தோளிலிருந்து வழிந்து தொங்கியது.

"பாப்பா."

எழுந்தாள். நிலைக்கதவை ஒட்டி நின்றாள். பென்சில் கோடு எட்டவில்லை.

செல்போன் காதிலேயே இருந்தது. மிகவும் சன்னமாக, தூரத்திலிருந்து, பரீது அண்ணன் குரல்.

"கடல்னு விழுந்துருச்சும்மா."

பிள்ளை திரும்பினாள். சோறு ஒட்டிய உதட்டுக்குக் கீழே, மோவாயில் மூன்று பச்சைப் புள்ளிகள். தழும்பில்லாத இடது கையால் தட்டை நீட்டினாள். விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா, இன்னுங் கொஞ்சம் சோறு போடு," என்றாள், பாரதிப்ரியாவின் குரலில்.