மாடசாமி எந்தத் தட்டில்?

மழை அன்றைக்கு நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது. விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி வழியில் செல்வமாரியின் செருப்பில் கரிசல் மண் அப்பி, காலைத் தூக்கவே முடியவில்லை. கையில் வகுப்புக்கு வரைந்த சார்ட் வேறு. ஓடிப்போய் ஒதுங்கியது கிளை நூலகத்தின் சிறுவர் அறையில். அவள் அப்பா சங்கரபாண்டி வாடகை வாங்காமல் விட்டிருந்த அறைதான் அது. உள்ளே நின்ற புது நூலகருக்கு அவள் யாரென்று தெரியாது...

"வாங்க டீச்சர், மொதல்ல தலையத் துடைங்க" என்று துண்டை நீட்டினான் சக்திகுமார். சார்ட்டைப் பார்த்தே டீச்சர் என்று கண்டுபிடித்துவிட்டான், கெட்டிக்காரன். சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்... இவள் சட்டென்று குனிந்துகொண்டாள். நனைந்த முகம் சுடுமா? சுட்டது!

அலமாரித் தட்டுகளில் அவன் சீட்டு ஒட்டியிருந்தான். படக்கதை, விலங்குக் கதை, மாயாஜாலம், துப்பறிதல், அறிவியல், பாட்டு...

"எல்லாமே கதைதான? எதுக்கு இத்தன தட்டு?"

"ஒவ்வொரு வயசுக்கும் ஒரு பசி டீச்சர். இன்னைக்கு நரி பேசுனா நம்புத பிள்ளை, நாளைக்கு 'நரி எப்படிப் பேசும்'னு கேக்கும். அப்ப அதுக்கு வேற தட்டு வேணும்லா?"

பேச்சு பிடித்திருந்தது. பேசுகிறவனையும்தான். அதற்குள் கடைசித் தட்டு கண்ணில் பட்டது. சீட்டில் 'பேய்க்கதை.' முதல் புத்தகத்தின் அட்டையில் சிவந்த கண், முறுக்கிய மீசை, ஓங்கிய அரிவாள். அவள் வீட்டார் வருஷா வருஷம் கொடை கொடுத்துக் கும்பிடும் மாடசாமி!

"என்ன சார் இது? எங்க குலசாமியப் பேயோட சேத்து வச்சிருக்கீங்க?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அட்டை பயங்கரமா இருந்துச்சு டீச்சர். அங்கன இருந்தாத்தான் பிள்ளைங்க ஆசையா அள்ளிக்கிட்டுப் போவும்."

சிரித்துக்கொண்டே சொன்னானே, அதுதான் பொறுக்கவில்லை. துண்டை அவன் மேஜையில் வீசிவிட்டுக் கொட்டுகிற மழையிலேயே இறங்கி நடந்தாள்.

ஆத்திரம் அத்தோடு நின்றிருக்கலாம். வீட்டுக்குப் போன கையோடு அப்பாவிடம் கொட்டிவிட்டாள். கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர் சங்கரபாண்டி. கேட்டதும் மீசை துடித்தது.

"ஞாயித்துக்கிழம நானே போறேன். அறையப் பூட்டிட்டுத்தான் வருவேன். அவன வேற ஊருக்கு மாத்தச் சொல்லி மேலயும் பேசுதேன்."

நடுவில் ஒரு நாள், வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுக்கிற சாக்கில் அவள் நூலகத்துக்குப் போனாள். சாக்குதான்... அவனைக் கண்டதும் மனசு அதை ஒத்துக்கொண்டுவிட்டது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்க போனப்புறம் முழுசா வாசிச்சேன் டீச்சர். அட்டைய மட்டும் பாத்துத் தட்டு பிரிச்சிட்டேன். நூலகன் செய்யக் கூடாத தப்பு. மன்னிச்சிருங்க."

தடுமாறாத குரல், கலங்கிய கண்கள். இவனையா ஊரை விட்டு விரட்ட வைத்தேன்? அன்று ராத்திரி அப்பாவிடம் கெஞ்சினாள். "தப்ப ஒத்துக்கிட்டா ஆச்சா?" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டும் கையுமாக அப்பா முன்னால் போக, பின்னால் செல்வமாரி ஓடினாள். அறை பூட்டப்படும், அவன் மாற்றலாகிப் போவான், இனி அந்தக் கண்களைப் பார்க்கவே முடியாது. எல்லாம் அவள் வாயால் வந்த வினை.

"ஏவே, நீருதான் எங்க சாமியப் பேயின்னவரா?"

சக்திகுமார் எழுந்து நின்றான். "தப்புதான் அண்ணாச்சி."

"இப்ப அந்தப் புத்தகத்த எங்க வைப்பீரு? கட்டுக்கதைன்னு வச்சாலும் பூட்டுவேன், பாத்துக்கிடும்."

"கட்டுக்கதைக்குப் பக்கத்துலயே வைக்க மாட்டேன். ஒருத்தர் உக்காந்து யோசிச்சு எழுதுன கதை வேற, ஒரு ஊரே கும்பிட்டுக்கிட்டுச் சொல்லுத கதை வேற. அதுக்குத் தனித்தட்டு போட்டிருக்கேன், பாருங்க." மேல்தட்டில் புதிய சீட்டு. 'சாமி கதைகள்.'

அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "படிச்ச பேச்சு. அந்தச் சாமியப் பத்தி ஒமக்கு என்னவே தெரியும்?"

"பனைக்கரை மாடசாமி கோயில்லதான் எனக்கு மொட்டை போட்டுக் காது குத்துனாவ அண்ணாச்சி."

"நம்ம கோயில்லயா!" அப்பாவின் முகம் மலர்ந்தே போனது. "அட, நம்ம பங்காளி வீட்டுப் பிள்ளை! ஏட்டி செல்வமாரி, அண்ணனுக்குத் தண்ணி கொண்டா!"

அண்ணனா...

ஒரே குலசாமிக்குப் பொங்கலிடுகிற வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அதற்குள் கல்யாணப் பேச்சே கிடையாது. அறை தப்பிவிட்டது, அவனும் ஊரில் இருப்பான், ஆனால் அவளுக்கு இல்லை. குடத்தைச் சரித்ததில் செம்பு நிரம்பி வழிந்ததே தெரியவில்லை. சிந்திய தண்ணீர் பாதி சேலையில், பாதி தரையில். கண்ணீர் எதிலே சேர்ந்ததோ...

நீட்டிய செம்பை அவன் வாங்கவில்லை.

"அண்ணாச்சி, முறையச் சொல்லாம நான் இந்தத் தண்ணியக் குடிக்க மாட்டேன். பனைக்கரை எங்க அம்மா பிறந்த வீட்டுக் கோயில். எங்க அப்பா வீட்டுக்குப் புதியம்புத்தூர் முப்பிடாதி அம்மன்தான் குலசாமி."

அப்பா மனசுக்குள் முறை கூட்டிப் பார்த்தார். விரலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினார்.

"அம்மை பேரென்ன?"

"மாடத்தி."

"மாடத்தி எனக்குத் தங்கச்சி முறைல்லா..." அவனைப் பார்த்தார், மகளின் நனைந்த சேலையைப் பார்த்தார், ஒரு கனைப்புக் கனைத்தார். "அப்ப நீரு எனக்கு மருமவன் முறையாக்கும். மழை விட்டுட்டான்னு பாத்துட்டு வாரேன்."

வெளியே மழையே இல்லை. அந்தப் பெரிய மனிதர் போய்விட்டார்.

"முறை எதுக்குச் சொன்னீங்க? சொல்லாம இருந்தாலும் அறை தப்பியிருக்கும்லா?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அறைக்காகச் சொல்லல டீச்சர். நீங்க துண்ட வீசிட்டுப் போன நாள்லருந்து உங்களத்தான் நெனைச்சுக்கிட்டிருக்கேன். அண்ணன்னதும் உசுரே போயிட்டு..."

"எனக்கும்தான்" என்றாள். எப்படித்தான் வாயில் வந்ததோ! முகம் முழுக்கச் சூடு. செம்பை மறுபடி நீட்டினாள். இந்த முறை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"தண்ணியக் குடிங்க... அத்தான்."