கட்டை விரல் முடிச்சு

மூன்றாவது தாளிலும் அந்த ஒரு வரி விழவில்லை.

மேலே பாங்கின் பெயர், அதன் கீழே அம்மாவின் பெயர் சின்னப்பிள்ளை, ஆவுடையார்கோவில் முகவரி, வரிசையாகப் பணம் போட்ட, எடுத்த தேதிகள், எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. கடைசி வரி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பாக்கு அளவுக்குக் கறுப்புக் கறை. சொர்ணவல்லி தாளை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். டோனரின் சூட்டு வாசனையோடு இன்னொரு வாசனையும் அடித்தது. மாலையில் கட்டிய சாமந்தி தண்ணீர் பட்டு அழுகும்போது வருமே, அது. வீட்டின் முன்னறையில்தான் அவளுடைய ஜெராக்ஸ் கடை. அதன் தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது.

ஊராரின் பட்டாவையும் ஆதாரையும் அலுக்காமல் அடித்துத் தள்ளிய பிரிண்டர், பெற்றவளுக்கு ஒரு தாள் அடிக்க இத்தனை பிகு பண்ணுகிறதே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. நாளை இதைப் பாங்கில் கொடுத்தால்தான் அம்மாவின் கணக்கை முடித்து மிச்சத்தை வாங்கலாம். அதை வைத்துக் கோயிலில் புழுங்கல் அரிசிச் சோறு படைப்பதாக வேண்டியிருந்தாள். "நம்ம சாமிக்கு ஆவி பறந்தாப் போதும்டி, சோறு நமக்குத்தான்" என்று அம்மா சிரிப்பாள். முப்பதாம் நாள் கும்பிடுவதற்குள் அதையாவது அவளுக்குச் செய்துவிட வேண்டும்.

பிரிண்டரை அணைத்துப் போட்டாள். டோனரைக் கழற்றிக் குலுக்கினாள். டிரம்மைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றினாள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி அடித்தாள். அதே இடம், அதே கறை. இந்தத் தடவை அதற்குள் கோடு கோடாக ஏதோ தெரிந்தது.

அறந்தாங்கி சர்வீஸ்காரர் கண்ணுசாமிக்குப் போன் போட்டாள்.

"டிரம்ல கறை இருந்தா ஒரே தாள்ல மேலயும் கீழயும் திரும்பத் திரும்ப விழும்க்கா. வேற ஃபைல் ஒண்ண அடிச்சுப் பாருங்க."

யாருடையதோ வருமானச் சான்றிதழ். சுத்தமாக வந்தது.

"அப்ப மிஷின்ல கோளாறு இல்ல. அந்த வரியிலதான் என்னமோ இருக்கு. என்னன்னு ஸ்கிரீன்ல படிச்சுப் பாருங்க."

அதுவரை அவள் அந்த வரியைப் படிக்கவே இல்லை. மிச்சம் எவ்வளவு என்று பார்த்ததோடு சரி. இப்போது படித்தாள். தேதி, அம்மா போன தேதி. நேரம், பகல் பதினொன்று. கைரேகை வைத்துப் பணம் எடுத்திருக்கிறார்கள். பணம் எடுத்த கைரேகை மிஷினின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். கடை போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறாள். புருஷன் முத்துராஜின் நம்பர். ஊர் ஊராகப் பைக்கில் போய், வயசானவர்களை விரல் வைக்கச் சொல்லிப் பென்ஷன் பணம் கொடுப்பது அவன் வேலை.

அம்மா விடியற்காலையிலேயே போய்விட்டாளே. மூக்கில் கை வைத்துப் பார்த்து, "போயிட்டாங்க" என்று சொன்னவனும் அவன்தான். படுக்கையில் கிடந்தவளுக்கு டாக்டரைக் கூப்பிட்டா உறுதி செய்வார்கள்? சொந்தக்காரர்கள் வந்து, அம்மாவின் கைக் கட்டை விரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டுமென்று சொர்ணவல்லியின் போனைக்கூட அவன்தான் வாங்கி வைத்துக்கொண்டான். பாங்கிலிருந்து மெசேஜ் வந்திருந்தாலும் அவள் பார்த்திருக்க வழியில்லை.

அந்த வரியின் தொகையை இன்னொரு தரம் பார்த்தாள். கேவலம் ஒரு மாதப் பென்ஷன். கேட்டிருந்தால் அம்மாவே எடுத்துக் கொடுத்திருப்பாள். "மருமகன் இல்ல, நான் பெறாத மகன்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள். அப்படிப்பட்டவளின் பிணத்து விரலைப் பிடித்து...

பிணத்து விரல்.

போன வருஷம் சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னது காதுக்குள் கேட்டது. செத்த கிழவரின் விரலைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பமே அவனிடம் கெஞ்சியதாம். "செத்த வெரலுக்கு இந்த மிஷின் மசியாது சொர்ணம். உள்ள ரத்தம் ஓடணும். உசுரு இருந்தாத்தான் ரேகை ஏறும்."

ஏறியிருக்கிறது.

அன்று பகல் பதினோரு மணிவாக்கில், ஐஸ் பெட்டி வருவதற்கு முன்னால், எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னான். அவள் திரும்பி வந்தபோது விரல் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. "நழுவிருச்சு. நாந்தான் இறுக்கிக் கட்டுனேன்" என்றான். பெட்டியில் வைத்த பிறகு முகத்துக்கு நேரே கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். "குளுருக்கு அப்படித்தான் வேர்க்கும்" என்று கையைப் பிடித்து விலக்கினான்.

மங்கல் உள்பக்கம் இருந்தது.

உள்பக்கம்.

ரேகை ஏறிய நொடியிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உயிர் இருக்கிறது என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டான். மகன் இல்லாத வீட்டில் கொள்ளி வைத்ததும் அவன்தான்.

வாசலில் பைக் நின்றது. முத்துராஜ் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். தோளில் அந்தப் பை, பைக்குள் அந்த மிஷின். மேசையில் கிடந்த கறைத் தாள்களைப் பார்த்தான்.

"இன்னுமா வரல? விடு சொர்ணம். நாளைக்கு நானே அறந்தாங்கியில அடிச்சுட்டு வாரேன்."

"என்னங்க, செத்த வெரலுக்கு மிஷின் மசியுமா?"

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. யாருடைய விரல் என்று அவன் கேட்கவில்லை.

பிரிண்டர் தானாக ஒரு தாளைத் தள்ளியது. கறை இப்போது கறையாக இல்லை. கட்டை விரல் ரேகை. குறுக்கே, கதிர் அறுக்கும்போது பட்ட அரிவாள் தழும்பு. அம்மாவுடையது.

கரண்ட் போனது.

இருட்டு. மழை. அழுகிய சாமந்தி.

பிரிண்டர் மூடியின் இடுக்கில் மட்டும் வெளிச்சம் ஊர்ந்தது. பின்னால் அவன் மூச்சு வாங்கினான். "தெறக்காத. சொர்ணம், தெறக்காத."

திறந்தாள்.

தாளை வைத்து நகலெடுக்கும் கண்ணாடி மங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. மங்கல் படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது. அதற்கு அடியில், வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டை விரல்கள் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தன.