சிப்பாயின் காது நுனி

இப்போதெல்லாம் எவனும் எதிரே நின்று திட்டுவதில்லை. போனில் கம்ப்ளைன்ட் அடித்துவிட்டு, நேரில் பார்த்தால் சிரிக்கிறான். ரசூல் பாய்க்கு அந்தச் சிரிப்புதான் ஆகாது. கொள்ளிடக் கரையில் அவருடைய ஆட்டுப்பட்டிக்கு அடுத்த வீட்டு ரகுராம் அப்படித்தான் சிரிப்பார். பட்டியின் காவல் நாய் சிப்பாய் குரைத்து அவர் தூக்கம் கெடுகிறதாம்.

"அந்த ரகுராம் பிளேடால கீறுறாம்மா. சிப்பாயோட ரெண்டு காது நுனியும். தினமும் ரத்தம்."

ஸ்ரீரங்கத்தில் வைதேஹி வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். வைதேஹி போலீஸ் நாய்ப்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உள்ள வாங்கோ பாய்."

"நாய் நக்கின சட்டை. இங்கயே நிக்கிறேன். சிப்பாய் படுத்துட்டா முப்பது ஆடும் ஒரே வாரத்துல களவு போயிடும்."

"கேமரா வெச்சா ஆள் சிக்கிடுவான் மேடம்!" என்று உதவியாளர் லின்சி துள்ளினாள்.

வைதேஹி அவசரப்படவில்லை. "ரகுராம் ஊர்ல இல்லாதப்போ?"

"மூணு நாள் சென்னையில இருந்தான். அப்பவும் ரத்தம். ஆள் வெச்சிருப்பான்."

"எப்பவாவது ஆறித்தா?"

"முக்கொம்புல மச்சான் தோப்புல பத்து நாள் வெறுந்தரையில விட்டேன், ஆறிடுச்சு. அங்க இவன் வர முடியாதுல்ல?"

ஆட்டோவில் பட்டிக்குப் போனார்கள். ஆடுகள் நின்ற இடத்திலேயே காலை உதறிக்கொண்டிருந்தன. மூலையில், மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து கொண்டுவந்த உமிப் படுக்கையில் சிப்பாய் கிடந்தது. தலையைத் தூக்கவில்லை. ஈறு வெளுத்திருந்தது.

"ஆ!" லின்சி கணுக்காலில் அடித்துக்கொண்டாள். "இந்த வெயில்ல கொசுவா?" சாக்ஸில் ரத்தப் பொட்டு.

வைதேஹி மதிலோரம் நின்ற ரகுராமையும் கூப்பிட்டார்.

"பிளேடு கோடு போடும். இங்க கோடே இல்லை, ஊசி குத்தின மாதிரி புள்ளிதான். இது கடி ஈ. சாதா ஈ நக்கும், இது குத்தி ரத்தம் குடிக்கும். நாய்க்குக் காது நுனி, ஆட்டுக்குக் கால், லின்சிக்குக் கணுக்கால். இவர் சென்னை போனாலும் அது போகலை. தோப்புல உமி கிடையாது, அதான் ஆறித்து." குச்சியால் உமியைக் கிளறினார். புழு நெளிந்தது. "இது ஏன் பாய் ஈரமா இருக்கு?"

"வெயில் தாங்காதேன்னு... சித்திரையிலேர்ந்து தினமும் ரெண்டு குடம் ஊத்துறேன்."

"ஈர உமி, ஆட்டு மூத்திரம், புழுக்கை. அதுலதான் முட்டை இடறது."

ரசூல் ஈர உமியை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"அப்ப வெயில்ல காய விட்டிருக்கணுமா?"

"உமியை இன்னிக்கே அள்ளிடுங்கோ. நாயை வேற இடத்துல கட்டுங்கோ."

"வேற எங்கம்மா? திருடன் வர்றது இந்த மூலை." குரல் இறங்கியது. "பிழைக்குமா?"

"மருந்து தரேன். ரத்தம் ரொம்பப் போயிடுத்து. அதுக்கு மேல என் கையில இல்லை பாய்."

ரசூல் சங்கிலியைக் கழற்றினார். சிப்பாய் எழவில்லை. இரண்டு கையாலும் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். எலும்பு கனம்கூட இல்லை.

"ஈயாம்," என்றார். "அப்ப இவன் எதுக்குச் சிரிச்சான்?"

பதிலுக்கு நிற்காமல் கரையேறி நடந்தார்.